ஒருவழி ஸ்க்ரூவும் எங்கள் அண்ணியும்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்தால் கோடையில் மழை கொட்டும் என்பார்கள். கொட்டட்டும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் என் அண்ணியைப் பற்றிப் பெருமையடிக்கத்தான் போகிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு தொழில் நடக்கிறது. ஜன்னல் பக்கம் என் தையல் மெஷின். எதிர்ச் சுவரோரம் அண்ணியின் மேஜை. நான் துணி தைக்கிறேன். அண்ணி பழைய ஆம்ப்ளிஃபையர்களைச் சரிசெய்கிறார். கிட்டாரிலிருந்து ஒயர் போய்ச் சொருகும் பெட்டி இருக்கிறதே, அதுதான். புதுப் பெட்டி என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உள்ளே கண்ணாடி வால்வு எரிய வேண்டும், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அவருக்கு அது பெட்டி. என் வாடிக்கையாளர்கள் அளவு கொடுக்க வரும்போதெல்லாம் இந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் வர வேண்டும். முழங்காலில் இடித்துக்கொண்டு முனகாதவர்கள் குறைவு.

கல்யாணமாகி வந்த அன்று அண்ணி கையில் கனமான ஒரு தகரப் பெட்டி இருந்தது. நகைப் பெட்டி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துத் திறந்தேன். உள்ளே முழுக்க ஸ்க்ரூ டிரைவர்கள். தட்டையாய், நட்சத்திரமாய், பல் பல்லாய். ஒன்றின் நுனி வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு சிறகோடு இருந்தது. பாதிக்கு மேல் அவரே அரத்தால் ராவிச் செய்தவை. ஈரத் தலையோடு வந்து நின்றவர், திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "எது வேணும்?" என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவளிடம் எது வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதற்காகவே அவர்மேல் எனக்குக் கொஞ்ச காலம் கோபம் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மைக் செட் வாடகைக் கடையில் வேலை பார்த்தவர். அங்கே கெட்டுப்போன பெட்டிகளை யாரும் திறக்கத் தெரியாமல் மூலையில் அடுக்கி வைத்திருந்தார்களாம். திறந்தால்தானே சரிசெய்ய முடியும்? அண்ணி திறக்க ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை.

பழைய ஆம்ப்ளிஃபையரைத் திறப்பது லேசான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கம்பெனிகள் ஆளாளுக்கு ஒரு ஸ்க்ரூவைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. குமிழைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூ ஒன்று உண்டு. மேலாகப் பார்த்தால் அறுகோண ஓட்டை போலத் தெரியும். அவசரக்காரன் அறுகோணக் கம்பியை விட்டுத் திருப்புவான். ஆனால் அந்த ஓட்டைக்குள்ளே சுற்றிலும் பொடிப் பொடிப் பற்கள் இருக்கும். கம்பி அத்தனையையும் மழித்துவிடும். அப்புறம் எந்தக் கம்பிக்கும் பிடி கிடைக்காது. இப்படி மழிந்துபோய் வருவதற்கு அண்ணி வைத்திருக்கும் பெயர் வழுக்கை. "இன்னைக்கும் ஒரு வழுக்கை வந்திருக்கு" என்று அவர் சொன்னால், என் அண்ணன் கை தானாகத் தன் தலைக்குப் போகும்.

கழற்றிய ஸ்க்ரூவைக் கிண்ணத்தில் போட மாட்டார். ஓர் அட்டையில் பெட்டியின் படத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து எது வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைப்பார். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது, எதை எங்கே போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"உன் செருப்பும் என் செருப்பும் ஒரே சைஸ்தான். மாத்திப் போட்டுட்டு கடைக்குப் போய்ட்டு வா. அப்புறம் பேசு."

போய்ப் பார்த்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் கடித்துவிட்டது.

இன்னொரு வழக்கம், ட்ரில்லைத் தொட மாட்டார். ஸ்க்ரூ அசையவில்லை என்றால் மற்றவர்கள் அதைத் துளைத்து எடுத்துவிடுவார்கள். அந்த இரும்புத் தூள் உள்ளே விழுந்து கிடந்தால் என்றைக்காவது அதன் வழியாகக் கரண்ட் பாய்ந்து பெட்டியே கருகிவிடும் என்பார் அண்ணி. அது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் காரணம் வீம்பு. மனிதன் முடுக்கியதை மனிதன் கழற்ற முடியாதா என்ற வீம்பு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்று வந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வந்த புதிதில் என்னிடம் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த தோழி கொண்டுவந்து கொடுத்தது. நல்ல செங்கல் நிறம், உள்ளே பொன் தூள் மினுங்கும். அந்த நிறம் நம் கடைகளில் எங்கேயும் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். விசேஷத்துக்கு மட்டும் போடுவது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் பாட்டில் காலி. பெட்டிக்குள் இருக்கும் நட்டுகளை முடுக்கிவிட்டு அது மேல் ஆளுக்கொரு சொட்டு வைத்திருக்கிறார் மகராசி! அதிர்வில் நட்டு லூசாகாதாம். வேறு யாராவது திருகினால் சொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"உன் நகத்துல வெச்சா ஒரு வாரத்துல உரிஞ்சிடும்மா. இங்க வெச்சா காலத்துக்கும் நிக்கும்" என்று சமாதானம் வேறு. அந்த மழைக்காலம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அதன் பிறகு அவர் அந்த வேலைக்கென்றே விற்கும் சிவப்பு அரக்கை வாங்கிக்கொண்டார்.

வருடங்கள் ஓடின. நான் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய், ஒத்துவராமல் திரும்பி வந்தேன். திரும்பி வந்த அன்று யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் அண்ணி தன் மேஜையை நகர்த்தி ஜன்னல் பக்கத்தை எனக்குக் காலிசெய்து கொடுத்தார். "தையலுக்கு வெளிச்சம் வேணும். எனக்கு விளக்கு போதும்" என்றார். அன்றையிலிருந்து இந்த முன்னறை எங்கள் இருவருக்கும் பொது.

இனிமேல்தான் கதை.

போன மழையில், மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கும்போது அண்ணி படியில் வழுக்கி விழுந்தார். துணியெல்லாம் என் வாடிக்கையாளர்களுடையது, தைப்பதற்கு முன் நனைத்துக் காயப்போட்டது. அது அழுக்காகக் கூடாது என்று இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துபோனது. கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, பயிற்சியும் ஆரம்பித்தாகிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, பிடிமானம் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். டம்ளர் கையிலிருந்து நழுவியது. பூட்டில் சாவி திரும்ப மறுத்தது. கொடியில் துணி கிளிப்பை மாட்டி மாட்டி எடுக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்தார். முதலில் ஒரு கிளிப்பைத் திறக்கவே நெற்றி வியர்த்தது. நான் மெஷினை வேகமாக ஓட்டிக்கொண்டு பார்க்காத மாதிரி இருப்பேன்.

மேஜைமேல் ஒரு பழைய போர்வை விழுந்தது. பெட்டிகள் திரும்பிப் போயின.

என் அண்ணன் லாரி ஓட்டுகிறவன். பார்க்க முரடன், ஆனால் மனைவி கையிலிருந்து ஒரு டம்ளர் விழுந்தால் இவனுக்குச் சாப்பாடு இறங்காது. நண்பனின் செல்போன் கடையில் பில் போடும் நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது, உட்கார்ந்தபடி பார்க்கும் வேலை என்று கொண்டுவந்தான்.

"உனக்கு என்ன தலையெழுத்தா, இந்த இரும்போட மல்லுக்கட்ட? கை போனது போகட்டும். அந்த மேஜைய யாருக்காவது கொடுத்துடலாம்மா."

"இந்த வேலைக்கு ஒரு கைதாங்க வேணும்" என்றார் அண்ணி. "இன்னொண்ண முதுகுக்குப் பின்னால வெச்சுக்கணும்."

இது ஏதோ கேலி என்று நினைக்காதீர்கள். கரண்ட் ஓடும் பெட்டிக்குள் கை விடும்போது இன்னொரு கையைப் பின்னால் கட்டிக்கொள்வதுதான் அவர்கள் தொழிலில் முறை. இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போய்விடுமாம். அண்ணனுக்கும் அது தெரியும். ஆனாலும் அவன் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் குதிரைவால் வந்தார். மேடைகளில் கிட்டார் வாசிப்பவர். நரைத்த முடியைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருப்பார், அதனால் நான் வைத்த பெயர். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வந்து முன்னறை நடுவில் ஒரு பெட்டியை வைத்தார்கள்.

"நாலு கை மாறி என்கிட்ட வந்ததுக்கா. சத்தம் தேன் மாதிரி இருக்கும். இப்ப கொஞ்ச நாளா வாசிக்கவே விடாம உறுமுது. எல்லாக் கடையிலயும் காட்டிட்டேன். ட்ரில் போட்டுப் பிச்சுத்தான் எடுக்கணும்ங்கறாங்க. எனக்கு மனசு வரல."

பெட்டியின் பின்பக்கத்தில் கீழ்ப்பாதி திறந்தே இருந்தது. வால்வுகளைக் கீழிருந்தே மாற்றிக்கொள்ளலாம்; அதனால் இத்தனை காலமும் யாருக்கும் மேல் பலகையைத் திறக்கும் அவசியம் வரவில்லை. இப்போது கோளாறு அந்தப் பலகைக்குப் பின்னால். பலகையைச் சுற்றிலும் குண்டுத் தலை ஸ்க்ரூக்கள். பெட்டி, பலகை, ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் சேர்த்து யாரோ கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் கீறல் கீறலாக இருந்தது.

"கத்தியால முயற்சி பண்ணீங்களா?" என்றார் அண்ணி.

குதிரைவால் தரையைப் பார்த்தார். "சமையலறைக் கத்திதான்க்கா. லேசா."

அது ஒருவழி ஸ்க்ரூ. பார்த்தால் சாதாரண ஸ்க்ரூ மாதிரி நடுவில் கோடு இருக்கும். முடுக்கும் பக்கம் டிரைவர் பிடிக்கும். கழற்றும் பக்கம் திருப்பினால் அங்கே சரிவாகச் செதுக்கியிருப்பதால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். போடலாம், எடுக்க முடியாது. திருட்டுக்குப் பயந்து போடும் சாமான். இதைக் கண்டுபிடித்தவனுக்கே மரை கழன்றிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

அண்ணன் சமையலறை வாசலில் நின்றபடி கண்ணால் 'வேண்டாம்' என்றான். அண்ணி பெட்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லி குதிரைவாலை அனுப்பினார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இதை என் வலது கையால கழட்டிட்டா மேஜை இங்கயே இருக்கும். முடியலேன்னா நீங்க சொன்ன நாற்காலில போய் உட்கார்றேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம உட்கார்றேன். சரியா?"

"ட்ரில் போடு. நான் வேணா பிடிச்சுக்கறேன்."

"ட்ரில்லும் இல்ல, நீங்களும் இல்ல."

அண்ணன் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மேஜைமேல் கிடந்த போர்வையை நான்தான் உருவி மடித்து வைத்தேன். அன்றைக்குத் தைக்க வேண்டிய துணி அப்படியே கிடந்தது.

முதலில் பெயிண்ட். தின்னரில் நனைத்த துணியாலும் என் தையல் ஊசியாலும் ஒவ்வொரு தலையையும் சுரண்டிச் சுத்தம் செய்தார். அடுத்தது சூடு. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்க்ரூ தலையில் வைத்துக் காத்திருப்பார். இரும்பு சூடேறி, சுற்றியிருக்கும் மரம் தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும். ஆறியதும் தலையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை நிறைய இரும்புப் பசையை நிரப்பி, மறுநாள்வரை அசைக்காமல் விட்டார். பசை இறுகிவிட்டால் நட்டும் ஸ்க்ரூவும் ஒரே துண்டு. அப்புறம் ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். சாதாரண காலத்தில் இது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இப்போதோ ஸ்பேனர் விரல்களிலிருந்து நழுவி நழுவிக் கீழே விழுந்தது. மெல்லிய இரும்புக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிற அளவுக்கு விரல் மடங்கவில்லை. ஒவ்வொரு தடவை அது தரையில் விழும்போதும் எனக்குக் கோபம் ஏறியது. என் கோபத்தை எங்கே காட்டுவது? அந்த ஸ்க்ரூவைப் போட்ட முகம் தெரியாத ஆள்மீது காட்டினேன்.

"இத முடுக்கினவன் கை விளங்காமப் போக! நாசமாப் போறவன், என்ன வெறி அவனுக்கு!"

"திட்டாத" என்றார் அண்ணி, குனிந்து ஸ்பேனரை எடுத்தபடி. "நல்ல கை அவனுக்கு. வந்து பாரு. எல்லாத் தலையும் ஒரே உயரத்துல உட்கார்ந்திருக்கு. ஒண்ணு கூட மரத்துல அழுந்தல, ஒண்ணு கூட தூக்கிட்டு நிக்கல. ஓட்டை போடும்போதே அளந்து போட்டிருக்கான். இந்த மாதிரி கை லேசுல அமையாது."

"நீங்க வேற, எதிரிக்கு மாலை போடுங்க."

ஆனால் என் மண்டையில் வேறு ஒன்று ஓடியது. மெல்லிய பிடிதான் பிரச்சினை என்றால் அதைத் தடிமனாக்க வேண்டியதுதானே? கோட்டுத் தோளுக்கு வைக்கும் பஞ்சு என்னிடம் இருந்தது. தடித்த ஜீன்ஸ் துண்டும் இருந்தது. ஸ்பேனருக்கு அளவெடுத்தேன். இரண்டு மடிப்புப் பஞ்சு வைத்து, மேலே நெருக்கமாகத் தையல் ஓட்டி, ஓர் உறை தைத்து மாட்டினேன். குழந்தைக்குக் காலுறை மாட்டியது போல இருந்தது. அண்ணி அதைப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் சுற்றி வளைத்து நின்றன. ஸ்பேனர் விழவில்லை.

"அளவு சரியா இருக்கா?"

"கச்சிதம்மா" என்றார். என் தையலுக்கு அதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ பாராட்டுச் சொல்லியிருக்கிறார்கள்; அதெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் திருப்பக் கூடாது என்பது அண்ணியின் கணக்கு. முதலில் முடுக்கும் பக்கமே ஒரு மயிரிழை தள்ள வேண்டும். "அவன் சொன்ன வழியில கொஞ்சம் போகணும். நம்ம ஆளுதான்னு நெனச்சு துரு பிடிய விடும். அப்ப திருப்பணும்." அப்படித்தான் செய்தார். முதல் ஸ்க்ரூ 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. அதன் பிறகு ஸ்பேனரோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. நான் விசில் அடித்தேன். துணி வாங்க வந்திருந்த அம்மாள் பயந்துபோனார்.

ஒரு நாளைக்கு ஒன்று என்றுதான் போனது. ஒன்றைக் கழற்றினால் அன்றைக்கு முழுக்க மணிக்கட்டை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அட்டையில் படம் வரைந்து, கழன்று வந்த ஸ்க்ரூவை அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். அண்ணன் வேலை முடிந்து வருவான். சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அட்டையைப் பார்ப்பான். உள்ளே போவான். ஆனால் வெந்நீர் ஆறிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

கடைசியாக ஒன்று நின்றது. குதிரைவாலின் கத்தி பட்ட அதே ஸ்க்ரூ. கத்தி வழுக்கி வழுக்கி அதன் தலையை வழவழவென்று ஆக்கிவிட்டிருந்தது. பசை பிடிக்கவில்லை. நட்டு தெறித்துப் போய் என் மெஷின் சக்கரத்தில் பட்டது. மறுபடி ஒட்டினார். மறுபடியும் தெறித்தது. அண்ணி நட்டைத் தேடி எடுக்கக் குனியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாற்காலில உட்கார்ந்து பில் போடறதும் வேலைதான்" என்றார் மெதுவாக.

எனக்கு வந்ததே கோபம். "என் நெயில் பாலிஷ் பூரா தீர்த்தப்ப இந்த அடக்கம் எங்க போச்சு? எழுந்திருங்க அண்ணி!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு கோணியது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. எழுந்தார்.

ஸ்க்ரூ தலையைச் சுற்றி மெழுகால் கரை கட்டினார், தூள் உள்ளே போகாமலிருக்க. மெல்லிய அரத்தை எடுத்து, குண்டுத் தலையின் இரண்டு பக்கத்தையும் ராவத் தொடங்கினார். இப்பக்கம் நாலு இழுப்பு, அப்பக்கம் நாலு இழுப்பு. தூளெல்லாம் மெழுகில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் தட்டையாகி, பிளையர் கடிக்க இடம் கிடைத்தது. கடித்தால் தானே பூட்டிக்கொள்ளும் பிளையர் ஒன்று அவரிடம் உண்டு. அதற்கும் நான் உறை தைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே நுழைந்தான். நிலைமை அவனுக்குப் புரிந்துவிட்டது. கை நீண்டது, பாதியில் நின்றது. நீட்டிய கையை அவனே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அண்ணி முதலில் முடுக்கும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளினார். பிறகு திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. மணிக்கட்டு நரம்பு புடைத்தது. மூச்சை விட்டு, மறுபடி பிடித்து, தோளிலிருந்து இறங்கும் பலம் முழுவதையும் அந்தக் கைக்குக் கொடுத்தார். 'க்றீச்' என்று வீடே கூசும்படி ஒரு சத்தம். ஸ்க்ரூ கால்வாசி சுற்றியது. அப்புறம் அரை. அப்புறம் சுற்றிக்கொண்டே வெளியே வந்தது.

அண்ணி அதை எடுத்து அட்டையில் அதற்குரிய இடத்தில் குத்தினார். அண்ணன் செல்போனோடு வாசலுக்குப் போனான். "டேய், அந்த சீட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கோ" என்ற குரல் உள்ளே கேட்டது. "இல்லடா, வர மாட்டா. அவளுக்கு இங்க வேலை இருக்கு." தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னான்.

பலகை கையோடு வந்தது. பிளக் பிடுங்கியிருந்தாலும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்குமாம். இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு முதலில் அதை வடித்தார். பிறகு விளக்கை இழுத்துப் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் ஒன்று உப்பிப்போயிருந்தது எனக்கே தெரிந்தது. அதுதான் உறுமல். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பற்றவைத்த இடங்கள் பாத்திரம் துலக்கியது போலப் பளிச்சென்று இருந்தன.

"பார்த்தியா, நல்ல கைன்னு சொன்னேன்ல" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் வேறு ஓர் இடத்தில் நின்றுவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருந்த நட்டுகள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டு. செங்கல் நிறம். விளக்கு பட்டதும் உள்ளே பொன் தூள் மினுங்கியது.

"அண்ணி" என்றேன். "இது என்னோட நெயில் பாலிஷ்."

அண்ணி குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மியூசிக் ஸ்கூல்" என்றார். "கல்யாணமாகி வந்த புதுசுல. பசங்க பெட்டியத் திறந்து நோண்டி ஷாக் அடிச்சுக்கறாங்கன்னு, யாரும் திறக்க முடியாத மாதிரி மூடித் தரச் சொன்னாங்க. ஒரு லோடு பெட்டி வந்துச்சு. வரிசையா உட்கார்ந்து எல்லாத்தையும் சரிபண்ணி, இந்த ஸ்க்ரூ போட்டு மூடினேன். அப்ப எல்லாம் சாம்பல் நிறம். மேல இந்தக் கறுப்பு இல்ல..."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கை விளங்காமப் போக என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! யாரையோ என்று நினைத்து எங்கள் வீட்டு விளக்கையே ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன். என் வாயில் சனிதான் குடியிருக்கிறான். தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நீ திட்டினது பலிக்கல, நான் புகழ்ந்தது பலிச்சிடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டே வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடுக்கியதும் அதுதான், கழற்றியதும் அதுதான். அத்தனை இளமையும் பலமும் இருந்தபோது முடுக்கியதை, முறிந்து கூடிய பிறகு கழற்றியிருக்கிறது. என் அண்ணியை நினைத்து எனக்கு நெஞ்சு விம்மியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

கெப்பாசிட்டரை மாற்றி, பலகையை மூடுவதற்கு முன்னால் குதிரைவாலை வரச்சொன்னார். வந்தவர் கிட்டாரைச் சொருகி ஒரு தந்தியை மீட்டினார். உறுமல் இல்லை. முன்னறைக் கண்ணாடி ஜன்னல் மட்டும் லேசாக அதிர்ந்தது. இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் அடுத்த தந்திக்குப் போகாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

"அக்கா, அதே பழைய ஸ்க்ரூ கிடைச்சா அதையே போட்டுடுங்க. ஒரிஜினலா இருக்கட்டும்."

"அது ஒரிஜினல் இல்ல" என்றார் அண்ணி. "நான் போட்டது. இப்ப சாதாரண ஸ்க்ரூதான். அடுத்த தடவையும் நான்தான் திறப்பேன், எனக்கு எதுக்குக் கஷ்டம்?"

சிவப்பு அரக்கைத் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தார். இத்தனை மாதம் கிடந்ததில் அது கட்டியாகிப் போயிருந்தது. நான் உள்ளே போய் என் அலமாரியிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்தேன். இப்போது என்னிடம் இருப்பது கத்தரிப்பூ நிறம். விலை அதிகம்தான்.

"தீர்ந்துடும்டி" என்றார் அண்ணி.

"தீரட்டும். சீக்கிரம் வைங்க."

மூடியைத் திறந்து பாட்டிலைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். அண்ணி தூரிகையை வலது கையில் எடுத்தார். இடது கை பழக்கதோஷத்தில் முதுகுக்குப் பின்னால் போனது. புது கெப்பாசிட்டரைப் பிடித்திருந்த நட்டின்மேல், பழைய செங்கல் நிறச் சொட்டுக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு வைத்தார். உருண்டையாக, எந்தப் பக்கமும் வழியாமல் உட்கார்ந்தது. அவர் கை நடுங்கவில்லை. அடுத்த நட்டுக்காக நான் பாட்டிலை இன்னும் கிட்டே நீட்டினேன்.